குழந்தைக்கென்று தனிச் சமையல் வேண்டாம்

"எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறான் மேடம். பால் மட்டும்தான் இறங்குகிறது." உணவு ஆலோசனைக்கு வரும் இளம் தாய்மார்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. நேற்றுக் காலை கண்விழித்ததிலிருந்து இரவு தூங்கும்வரை பிள்ளையின் வாய்க்குள் போனதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லச் சொல்வேன். காலையில் ஒரு டம்ளர் பால், அதில் ஒரு கரண்டி சத்துபானப் பவுடர். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட். மதியம் நாலு வாய் ரசம் சாதம். மூன்று மணிக்குப் பால். மாலையில் தாத்தாவின் தேநீரில் நனைத்த ரஸ்க். இரவில் அரை இட்லி, படுக்கும்போது மறுபடியும் பால். பிள்ளைக்கு வயது ஒன்றரை. அந்தச் சின்ன வயிறு பகல் முழுவதும் பாலால் நிறைந்தே இருக்கிறது. பசியே எடுக்காத பிள்ளை சோற்றைத் துப்பாமல் வேறென்ன செய்யும்?

பசுவின் பால் கெட்டது என்று சொல்லவில்லை. அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு, புரதம் உண்டு. இரும்புச் சத்துதான் இல்லை. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு லிட்டர் பாலைக் குடித்தாலும் அதில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. தேநீரில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்வதும் இதே வேலைதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேல் இரத்தசோகை உள்ளவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் இருந்ததைவிட இது கூடுதல். சோறில்லாத வீடுகளின் கணக்கு மட்டுமல்ல இது. இரண்டு சம்பளமும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

ஒரு வயதுக்கு மேல் பாலை நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். எலும்புக்கு என்ன செய்வது என்று பாட்டிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தயிர் இருக்கிறது, முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி இருக்கிறது.

அடுத்து அடுப்படி. ஆறு மாதம் முடிந்து முதல் கவளம் ஊட்டத் தொடங்கியதும் வீட்டில் இரண்டாவது சமையல் ஒன்று முளைத்துவிடுகிறது. குழந்தைக்குத் தனிக் குக்கர், தனி மிக்சி ஜார், கைப்பேசியில் பார்த்த செய்முறைகள், ஓட்ஸ், வெண்ணெய்ப் பழம், பிராக்கோலி. தாய் இரண்டு வாரத்தில் களைத்துப் போகிறாள். மூன்றாவது வாரம் டப்பா மாவு வீட்டுக்குள் வருகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; ஒரு நாளில் இரண்டு வீட்டுச் சமையலை யாரால் செய்ய முடியும்? குழந்தைக்குத் தனிச் சமையல் தேவையில்லை. வீட்டுச் சமையலில் குழந்தையின் பங்கை எந்த நிமிடத்தில் எடுத்து வைக்கிறோம் என்பதுதான் தெரிய வேண்டும்.

சாம்பார் வைக்கும் நாளையே எடுத்துக்கொள்வோம். குக்கரின் கீழ் அடுக்கில் ஒரு டம்ளர் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், இரண்டு பல் பூண்டு, தோல் சீவிய மஞ்சள் பூசணித் துண்டு ஒன்று. மேல் அடுக்கில் அரிசி. ஆவி அடங்கித் திறந்ததும் புளியையும் உப்பையும் சாம்பார்ப் பொடியையும் தொடாதீர்கள். முதலில் கரண்டியை அடிவரை விட்டு, வெந்த பருப்பையும் பூசணியையும் ஒரு கிண்ணத்தில் எடுங்கள். அதோடு சூடான சாதம் கொஞ்சம், உருவி அலசி வேகவைத்த முருங்கைக்கீரை ஒரு பிடி, ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். விரலால் மசித்தாலே போதும். மிக்சியில் கூழாக்க வேண்டாம். எட்டு மாதத்தில் பல் இல்லாவிட்டாலும் ஈறு மெல்லும். எல்லாவற்றையும் அரைத்தே விழுங்கிப் பழகிய பிள்ளைதான் ஒன்றரை வயதில் ஒரு பருக்கை சோறு நாக்கில் பட்டதும் குமட்டுகிறது.

குக்கரில் மீதமிருப்பது வழக்கம்போல் சாம்பார் ஆகட்டும். ஒரு வயது முடியும்வரை குழந்தையின் கிண்ணத்தில் உப்பு வேண்டாம். அதன்பின் உப்பு விழுந்த பிறகு எடுக்கலாம். ஒன்றரை வயதில் கொதித்த சாம்பாரிலேயே காரம் குறைத்து ஒரு கரண்டி. இரண்டு வயதில் எல்லோரோடும் தட்டு போட்டு உட்கார வேண்டிய பிள்ளை அது. இப்படிச் செய்யும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது: பிள்ளையும் இதைத்தானே சாப்பிடப்போகிறது என்று பெரியவர்களின் உப்பும் எண்ணெயும் தானாகவே குறைகின்றன. ஒரே அடுப்பில் முடிவதால் எரிவாயு மிச்சம், பாத்திரம் மிச்சம், பாதி தின்று கொட்டப்படும் "பாப்பா சாப்பாடு" மிச்சம்.

கரண்டியை அடிவரை விடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் குழந்தைக்கு முதலில் கிடைப்பது பருப்புத் தண்ணீர். பருப்பு அடியில் தங்க, மேலே மிதக்கும் மஞ்சள் நீரை வடித்து ஊட்டுகிறோம். "சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும்" என்று உறுதியாகச் சொல்வார்கள். இறங்காது. புரதமும் மாவும் இரும்பும் அடியில்தான் இருக்கின்றன, அதைச் சாப்பிடுவது பெரியவர்கள். சோறு வடித்த கஞ்சியும் காய்கறி சூப்பும் இதே கதைதான். குழந்தையின் வயிறு சிறியது. அதில் தண்ணீருக்கு இடம் கொடுத்தால் சோற்றுக்கு இடம் இருக்காது. ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக இன்னும் சுமார் 300 கலோரி வேண்டும், ஒரு வயதுக்கு மேல் 550. இதை நீர்த்த உணவால் எட்டவே முடியாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்கிற பதம், அதுதான் அளவு. ஆறு மாதத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி எட்டு மாதத்துக்குள் அரைக் கிண்ணத்துக்கு வரலாம். ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம், ஒரு கிண்ணம் என்று மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

கெட்டியாகக் கொடுத்தால் விழுங்கச் சிரமப்படுகிறது என்பார்கள் சிலர். அதற்கும் வழி இருக்கிறது, அதுவும் நம் வீட்டுப் பண்டத்திலேயே. கேழ்வரகை அலசி இரவு ஊறவைத்து, ஈரப் பருத்தித் துணியில் கட்டிவைத்தால் ஓரிரு நாளில் வெள்ளை முளை விடும். நிழலில் நன்றாக உலர்த்தி அரைத்து ஒரு சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். வாசத்துக்காகச் சிவக்க வறுக்காதீர்கள். முளை விடும்போது தானியத்துக்குள் உருவாகும், மாவுச்சத்தை உடைத்து இளக்கும் அமைலேஸ் என்ற நொதி கடும் சூட்டில் செத்துவிடும், நமக்கு வேண்டியது அந்த நொதிதான். இனி சாதாரணக் கேழ்வரகு மாவைக் கரண்டி குத்தி நிற்கிற கெட்டியில் கிண்டி இறக்குங்கள். கொதி அடங்கி, சூடு இருக்கும்போதே முளைகட்டிய மாவில் ஒரு தேக்கரண்டி தூவிக் கலக்குங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஓரிரு நிமிடம் கிளறினால் களி இளகும், விளிம்பில் பளபளக்கும், பிறகு கரண்டியிலிருந்து கூழாக இறங்கும். மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டவில்லை. விழுங்கும் பதம் வந்துவிட்டது, உள்ளே உள்ள மாவோ வழக்கமான கஞ்சியில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. வடோதராவில் உணவியல் ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முளைகட்டுவதால் தானியத்தில் இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட்டும் குறைகிறது. இட்லி மாவு புளிப்பதும் அந்த வகையில் நல்லதே.

சத்துமாவைப் பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. இருபது, முப்பது பொருள் போட்டு அரைத்த மாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. முந்திரியும் பாதாமும் சேர்ந்தால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கேழ்வரகு மூன்று பங்கு, வறுத்த பச்சைப்பயறு ஒரு பங்கு, கொஞ்சம் வேர்க்கடலை. இதை மாதத்துக்கு ஒருமுறை சிறிதளவாக அரைத்தால் போதும். வேர்க்கடலையையும் முட்டையையும் ஒரு வயதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக, தனித்தனியாக, நன்றாக வேகவைத்தோ அரைத்தோ அறிமுகப்படுத்தலாம். முழுக் கடலையை மட்டும் ஐந்து வயதுவரை கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவை மாட்டுத் தொட்டியில் கரைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கஞ்சியாகப் பிடிக்காவிட்டால் புட்டாக அவியுங்கள், கொழுக்கட்டையாகப் பிடியுங்கள்.

கீரையில் இரும்பு இருக்கிறது. உடல் எடுத்துக்கொள்வது அதில் சிறு பங்குதான். கூடவே எலுமிச்சைச் சாறு, தக்காளி, துருவிய நெல்லிக்காய் என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது சேர்ந்தால் அந்தப் பங்கு கூடும். இரும்புக் கடாயில் தக்காளியோ புளியோ சேர்த்துச் சமைத்தாலும் உணவில் இரும்பு ஏறும். அசைவம் சாப்பிடும் வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) வாரம் ஒருமுறை சிறு துண்டு போதும். அதிலுள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும். மீனில் வஞ்சிரத்தைத் தேடி ஓட வேண்டாம். நெத்திலியும் சாளையும் விலை குறைவு, சத்து அதிகம். சிறு மீன்கள் வேகமாகப் பெருகுபவை என்பதால் கடலுக்கும் பாரம் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் முட்டையும் பயறும் கைகொடுக்கும்.

காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய ஏற்பாடு, இன்று பல ஊர்களிலும் நடக்கிறது. அங்கே பரங்கிக்கீற்று விற்கிற விலையில் வெளிநாட்டு ஆப்பிள் ஒரு துண்டுகூடக் கிடைக்காது. பார்வைக்கு வேண்டிய பீட்டா கரோட்டினோ பரங்கியில்தான் இருக்கிறது. முருங்கைக்கீரையை ஆய நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு கைவேலை: கொத்துகளை இரவு துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் தாமாகவே உதிர்ந்திருக்கும், மிஞ்சிய காம்பைப் பொறுக்கினால் போதும். வீட்டு ஆண்கள் தாராளமாகச் செய்யலாம். மாவு அரைப்பது, பயறு ஊறவைப்பது, பருப்புப்பொடி திரிப்பது, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. இதையும் தாயின் தலையிலேயே கட்டிவிட்டு "வீட்டுச் சாப்பாடுதான் நல்லது" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள். சேர்க்கப்பட்ட பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கித்தான் வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் முன்பக்கம் எந்தத் தானியத்தின் படம் இருந்தாலும் அது பிஸ்கட்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது. அந்தப் பெயரில் பானங்களைப் பட்டியலிட வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய அரசே அறிவுறுத்தியது. இரண்டு வயதுவரை சர்க்கரை வேண்டாம் என்று சொன்னால், "சர்க்கரை சேர்ப்பதே இல்லை மேடம், கருப்பட்டிதான்" என்பார்கள். கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரைதான். தேன் ஒரு வயதுக்குள் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் வலு பச்சிளங்குடலுக்குக் கிடையாது.

இவ்வளவு செய்தும் பிள்ளை வெளிறியிருந்தால், மண்ணையோ சுண்ணாம்பையோ சாக்பீஸையோ தேடித் தின்றால், இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரத்தசோகை வந்தபின் உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சத்து மருந்து தருவது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஒரு வயதுக்கு மேல் குடற்புழு மாத்திரையும் உண்டு. இரும்பு மருந்தைப் பாலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். குடித்த பிறகு மலம் கறுப்பாகப் போகும். அது இயல்பு, பயந்துபோய் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.