ஆன்மாவுக்கு 'ஆதன்' வேண்டாம், உயிர் இருக்கிறது

"தாவரங்களுக்கும் ஆதன் உண்டு என்று அரிஸ்டாட்டில் கருதினார்." போன மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை மகள், "யாரு மாமா இந்த ஆதன்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. சைவ சித்தாந்தக் கட்டுரையானாலும் பைபிள் விளக்கமானாலும் பௌத்த அறிமுகமானாலும், 'ஆன்மா' கண்ணில் பட்டதும் அதை எடுத்துவிட்டு 'ஆதன்' என்று போடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. தனித்தமிழ் எனக்கும் வேண்டும். ஆனால் யாருக்கும் புரியாத, தமிழில் வேறு பொருள் உள்ள ஒரு சொல்லை வைத்து அதைச் செய்ய முடியாது.

வேர் விஷயத்தில் பெரிய சிக்கல் இல்லை. ஆத்மன் என்ற வடசொல்லுக்குப் பழைய பொருள் மூச்சு. ரிக் வேதத்திலேயே இருக்கிறது, ஜெர்மன் மொழியில் மூச்சைக் குறிக்கும் 'ஆட்டெம்' அதற்கு உறவு. ஆத்மன் தமிழில் ஆத்மா, ஆத்துமா, ஆன்மா என்று ஆனது. ஆன்மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் லத்தீன் சொல்லும் மூச்சிலிருந்தே வருகின்றன. நம் 'உயிர்' கூட உயிர்த்தல், அதாவது மூச்சுவிடுதல்தான். சரி, இது போதும்.

இப்போது ஆதன். சங்க இலக்கியத்தில் ஆதன் என்பது ஒரு ஆளின் பெயர். செல்வக் கடுங்கோ வாழியாதன், நெடுஞ்சேரலாதன் என்று சேர மன்னர் பெயர்களில் பார்க்கலாம். ஐங்குறுநூறு "வாழி ஆதன் வாழி அவினி" என்று தொடங்குகிறது, கீழடிப் பானை ஓட்டிலும் ஆதன் கீறப்பட்டிருக்கிறது. தொல்காப்பியர் இதற்குத் தனியாகப் புணர்ச்சி விதியே சொல்கிறார்: ஆதன், பூதன் என்ற பெயர்களோடு தந்தை சேர்ந்தால் ஆந்தை, பூந்தை என்று ஆகும். பிசிராந்தையார் பெயரில் உள்ள ஆந்தைக்கும் இப்படித்தான் விளக்கம் சொல்வார்கள். இத்தனை இடங்களிலும் அது மனிதர் பெயராகத்தான் நிற்கிறது. 'ஆதனிலிருந்துதான் ஆத்மா பிறந்தது' என்பவர்கள், உடம்பை விட்டுப் பிரியும் ஒன்றை 'ஆதன்' என்று சொன்ன ஒரு சங்கப் பாட்டைக் காட்ட வேண்டும். பெயர் ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. இதைவிட மோசம், பின்னாளில் அந்தச் சொல்லுக்கு வந்த பொருள். அகராதியைத் திறந்தால் ஆதன் என்றால் அறிவில்லாதவன், குருடன். தேவாரத்தில் 'ஆதர்' என்பது வசவு. அறிவே வடிவானது என்று சமயங்கள் சொல்லும் ஒன்றுக்கு இந்தப் பெயரையா வைப்பது? அப்புறம் அந்த 'அன்' விகுதி. ஆதன் உடலை விட்டுப் பிரிந்ததா, பிரிந்தானா? எழுதுகிறவர்களுக்கே தெரியவில்லை, நான் பார்த்த அந்த மொழிபெயர்ப்பில் ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தன.

உயிர் என்று போட்டால் என்ன என்று கேட்டால், "அது வெறும் பிராணன்தானே, ஆழமில்லை" என்கிறார்கள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இந்தப் பதில்தான். "புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு" என்று வள்ளுவர் கேட்கிறாரே, உடம்பில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிற அதற்கு நிலையான வீடு இன்னும் கிடைக்கவில்லையா என்று, அது பிராணனா? கூட்டை விட்டுப் பறவை பறந்தது போல உடம்போடு உயிருக்கு உள்ள நட்பு என்று அதே அதிகாரத்தில் சொல்கிறார். 14ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயனில் ஓர் அதிகாரத்துக்கே 'உயிரவை நிலை' என்று தலைப்பு வைத்தார். மெய்கண்டார் சிவஞானபோதத்தில் ஆன்மா என்றும் எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. சைவர்கள் இரண்டையும் ஆண்டார்கள். ஆதனை ஆளவில்லை.

உயிர் என்ற சொல்லில் இன்னொரு வசதி, அது எந்தக் கட்சியிலும் சேராது. சமணர் கணக்கில் உயிர் தான் புகுந்த உடம்பின் அளவே இருக்கும், யானையில் யானை அளவு, எறும்பில் எறும்பு அளவு. ராமானுஜர் வழியினர் அது அணு அளவு என்பார்கள். நியாய, வைசேடிக தத்துவப் பள்ளியினர் எங்கும் நிறைந்தது என்பார்கள். சைவ சித்தாந்தம், எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆகிவிடும், பளிங்கு மாதிரி, என்று சொல்லும். இந்த நான்கையும் 'உயிர்' வைத்து இப்போது எழுதிவிட்டேன், எங்கும் இடிக்கவில்லை.

பைபிளிலும் இதே கதை. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்று இருக்கிறது. அங்கே உள்ள எபிரெயச் சொல்தான் முதல் அதிகாரத்தில் கடலில் நீந்துகிறவற்றுக்கும் வருகிறது, ஆனால் அங்கே 'ஜீவஜந்துக்கள்' என்று தமிழாகிவிட்டது. அதனால் மீனுக்கு இல்லாத ஒன்று மனிதனுக்குள் வைக்கப்பட்டதாகத் தமிழ் வாசகர் படிக்கிறார். உயிர் என்று இருந்தால் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் போதும். பவுல் "ஆவி ஆத்துமா சரீரம்" என்று அடுக்குவதை வைத்து மனிதன் மூன்று பகுதியா இரண்டு பகுதியா என்று கிறிஸ்தவர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. அங்கும் ஆவி, உயிர், உடல் என்று எழுதினால் விவாதம் எதைப் பற்றியது என்பதாவது விளங்கும்.

அரிஸ்டாட்டிலுக்கு வந்தால் இன்னும் எளிது. செடியில் வளர்வது, விலங்கில் உணர்வது, மனிதனில் எண்ணுவது என்று படிப்படியாக அவர் சொன்னது, ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை உயிர்களை அடுக்கிய தொல்காப்பியத்தைப் படித்தவர்களுக்கு அந்நியமாகவே இருக்காது. செடிக்கு ஆதன் என்றால்தான் முழிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் உயிரை நான் போடவில்லை, அது அந்த மொழிபெயர்ப்பின் பௌத்தப் பகுதி. ஆன்மா இல்லை என்கிற பௌத்தக் கொள்கையை 'உயிரின்மை' என்று எழுதினால் பிணம் என்று ஆகிவிடும். புத்தர் மறுத்தது உயிர் வாழ்வதை அல்ல, மாறாத 'நான்' ஒன்று உள்ளே இருக்கிறது என்பதை. மறுக்கப்படும் சரக்கு ஆன்மா என்றால் அந்தப் பெயரிலேயே மறுப்பதுதான் நேர்மை. மணிமேகலையும் "அநித்தம் துக்கம் அநான்மா அசுசி" என்றுதான் சொல்கிறது. அதே காதையில், மனிதன் என்பது எவற்றின் சேர்க்கை என்று பௌத்தம் சொல்கிறதோ அந்த ஐந்து கந்தங்களுக்கு உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று மணிமேகலையை எழுதிய சாத்தனார் பெயர் கொடுத்திருக்கிறார். நம் மொழிபெயர்ப்பாளர் ஆன்மாவைத் துரத்திவிட்டு, இங்கே மட்டும் ரூபம், வேதனை, சம்ஞை, சம்ஸ்காரம், விஞ்ஞானம் என்று அப்படியே விட்டிருந்தார். 'வேதனை' என்று படிக்கிறவருக்கு வலி என்றல்லவா தோன்றும்? அந்த ஐந்தையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சாத்தனாரின் சொற்களை எழுதி அனுப்பினேன். பௌத்தப் பகுதி தவிர, ஆதன் வந்த நாற்பது சொச்சம் இடங்களில் ஒவ்வொன்றாக உயிர் என்று திருத்தினேன், கூடவே வினைமுற்றுகளையும்.