அலையை ஆற்றும் காடு

பிச்சாவரத்தில் உப்பங்கழியோரம் அடர்ந்து நிற்கும் காட்டுக்கு அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுகிற காடு. தடுக்கிற காடு என்று யாரும் சொல்வதில்லை. அறிவியலும் அதையேதான் சொல்கிறது.

சாதாரண அலை பத்துப் பதினைந்து நொடியில் வந்து திரும்பிவிடும். சுனாமியின் ஓர் அலை வந்து முடியப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அதுவரை பின்னாலிருந்து கடல் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை மரங்களால் நிறுத்த முடியாது. ஆனால் வேகத்தைப் பிடுங்க முடியும்.

எப்படி? ஓடும் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று பாருங்கள். காலுக்கு முன்னால் தண்ணீர் சற்று ஏறி நிற்கும். பின்னால் பள்ளம் விழுந்து சிறு சுழிகள் கிளம்பும். கால் எவ்வளவு தள்ளப்படுகிறதோ, அவ்வளவு உந்தத்தைத் தண்ணீர் இழக்கிறது. ஒவ்வொரு அடிமரமும் வேரும் கிளையும் இதைத்தான் செய்கின்றன. சுழிகள் உடைந்து உடைந்து, அலையின் ஆற்றல் கடைசியில் வெப்பமாகக் கரைகிறது. ஓடும் நீர் சுவரில் மோதும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். அதனால் கொஞ்சம் வேகம் குறைந்தாலும் ஒரு வீடு நிற்பதா விழுவதா என்பது மாறிவிடும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். சுரபுன்னையின் முட்டு வேர்கள் தரைக்குமேல் வலைபோலப் பின்னிக்கிடக்கும். தாழையும் அப்படியே. வயதான சவுக்கில் கீழ்க்கிளைகள் உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும். நீர் எளிதாகப் புகுந்துவிடும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கரைகளில் ஆராய்ந்தவர்கள், முன்னால் தாழையும் பின்னால் சவுக்குமாக இரண்டடுக்கில் நிற்கும் காட்டையே பரிந்துரைத்தார்கள். அலை திரும்பும்போது கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட பலர் மரங்களைப் பற்றிக்கொண்டு உயிர்பிழைத்ததும் உண்டு.

அந்த ஆண்டு பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் இழப்பு குறைவு. ஆனால் கரையிலிருந்து தள்ளி, சற்று மேட்டில் இருந்ததும் அவற்றுக்குக் கைகொடுத்திருக்கலாம்; எல்லாப் புகழையும் மரத்துக்கே கொடுத்துவிடுவது சரியல்ல. காட்டுக்கும் எல்லை உண்டு. 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமியில், ஜப்பானின் ரிக்குசென்தகாத்தா நகரில் கடலோரம் நின்ற சுமார் 70,000 பைன் மரங்களில் ஒன்றே ஒன்றுதான் நிமிர்ந்து நின்றது. அதுவும் உப்பு நீரால் வேர் அழுகிப் பட்டுப்போனது. அலை மிக உயர்ந்துவிட்டால் முறிந்த மரமே வீட்டை இடிக்கும் உலக்கையாகிவிடும்.

இன்னொரு ஆபத்தை நாமே உண்டாக்குகிறோம். காட்டைப் பிளந்துகொண்டு கடலை நோக்கி நேராகப் போகும் பாதையில், இருபுறமும் மரங்கள் தடுத்த நீரும் சேர்ந்து பாய்வதால் வேகம் கூடுகிறது. காடே இல்லாத இடத்தைவிட அந்தச் சந்தின் முனையில் இருக்கும் வீட்டுக்குத்தான் அடி அதிகம். பாதையை வளைத்துப் போட்டால், நேரே ஓட வழியின்றி நீர் மரங்களுக்குள்ளேயே போய் மோதும்.