ஃபீபி சிரிக்கவைத்தபடி சொல்லும் கதை: நகைச்சுவைக்குள் மறையும் துயரத்தைப் பற்றி ஓர் உளவியலாளரின் குறிப்பு

பெங்களூரில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் தமிழ் இளைஞர்களில், மாரத்தஹள்ளியிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பி.ஜி.க்களில் தங்கி வேலை பார்ப்பவர்கள் பலர், இரவில் தூக்கம் வருவதற்காக ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை ஓடவிட்டுப் படுப்பதாகச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1994 செப்டம்பர் 22 முதல் 2004 மே 6 வரை 10 சீசன்களாக ஒளிபரப்பான, நியூயார்க்கில் வாழும் ஆறு நண்பர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. இவர்களில் சிலர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், தன்னைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள் பெரும்பாலும் ஃபீபியின் பெயரைச் சொல்கிறார்கள். இதை ஆய்வு முடிவாகக் கொள்ள வேண்டாம். என் அறைக்கு வருபவர்களை வைத்து மட்டுமே சொல்கிறேன்.

லிசா குட்ரோ நடித்த ஃபீபி பஃபே, அந்த ஆறு நண்பர்களில் எதற்கும் கட்டுப்படாதவள். மசாஜ் செய்து பிழைக்கிறாள், காபிக் கடையில் கிட்டாரை வைத்துக்கொண்டு நாற்றமடிக்கும் பூனையைப் பற்றிப் பாடுகிறாள், முற்பிறவியை நம்புகிறாள், புவியீர்ப்பு விசையை அவ்வளவாக நம்புவதில்லை. இந்தப் பாத்திரத்துக்காகக் குட்ரோ 1998-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். நம் படங்களில் வரும் ‘அரை லூசு’ கதாநாயகிகளோடு ஃபீபியை ஒப்பிடுபவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கதாநாயகிகளுக்குப் பெரும்பாலும் கடந்த காலம் என்று ஒன்று எழுதப்படுவதே இல்லை. ஃபீபிக்கோ ஒருவர் சுமக்கக்கூடியதற்கு மேலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

தகப்பன் குழந்தைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார். வளர்த்த தாய் தற்கொலை செய்துகொண்டார், மாற்றுத் தந்தை சிறையில் இருந்தார், அவளோ 14 வயதில் நியூயார்க் நகரத்தில் தனியாக வந்து நின்றாள். இதில் பெரும்பகுதியை அவள் தொடரின் முதல் அத்தியாயத்திலேயே, திருமணத்திலிருந்து ஓடிவந்து முதன்முறையாகத் தனித்து வாழத் தொடங்கும் ரேச்சலுக்கு ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள், பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். அந்தத் தொடர் பெரும்பாலும் அரங்கில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களின் முன்னிலையில் படமாக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாடகத்தில் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார், அடங்கியதும் அடுத்த வசனம் வந்துவிடும், பேச்சும் வேறு திசைக்குப் போய்விடும். 14 வயதுப் பெண் அந்த நகரத்தில் எப்படிப் பிழைத்தாள் என்று யாரும் கேட்பதற்கு அங்கே இடைவெளியே இருப்பதில்லை. இதற்காகத் தொடரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் சிரித்தவள்தான். என் கவலையெல்லாம், அதே ஏற்பாடு நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இயல்பாக நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான்.

பலருடைய அனுபவங்களை அடையாளம் மாற்றி ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஓர் இளம்பெண். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டு வேலை போன பிறகு தந்தை குடிக்கு அடிமையான வீடு அவருடையது. தூக்கம் வருவதில்லை என்று வந்தவர், பேச்சுக்கு நடுவே, “எங்கப்பா செத்த அன்னிக்குத்தான் மேடம், நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். அதுவும் பக்கத்து வீட்டுச் சாப்பாடு” என்று சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று முகத்தைப் பார்த்தார். அலுவலகத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். பிறகொரு சந்திப்பில் அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல், அதே இடத்தில் அதே நிறுத்தத்தோடு வந்தது.

சொல் மாறாமல் திரும்ப வரும் நகைச்சுவையை நான் கூர்ந்து கவனிப்பேன். ஒரு நினைவை உணர்ந்து பேசுபவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி பேசுவார். அந்த வீட்டின் வாசல் நினைவுக்கு வரும், யாரோ அழுத குரல் நினைவுக்கு வரும். மெருகேற்றி வைத்த நகைச்சுவையிலோ இவை எதுவும் உள்ளே நுழைவதில்லை. கேட்பவரைச் சிரிக்கவைத்து அடுத்த கேள்வியை அது தடுத்துவிடுகிறது, சொல்பவரும் அந்த நாளுக்குள் போக வேண்டியதில்லை.

இதை நோய் என்று நினைத்துவிடக் கூடாது. துன்பத்தைச் சிரித்துக் கடப்பதை மதிக்கும் மரபு நம்முடையது. உளவியலும் நகைச்சுவையை, மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் முதிர்ச்சியான வழிகளில் ஒன்றாகவே கருதுகிறது. கனடா நாட்டு உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட வினாப்பட்டியல், மனிதர்கள் நகைச்சுவையைக் கையாளும் விதத்தை நான்காகப் பிரிக்கிறது. பிறரோடு நெருங்குவதற்காகச் சிரிப்பதும், தன் மனத்தைத் தாங்கிக்கொள்வதற்காகச் சிரிப்பதும் பொதுவாக நன்மையோடு தொடர்புடையவை. பிறரைக் குத்திச் சிரிப்பது மூன்றாவது. நான்காவது, பிறருக்குப் பிடித்தவராக இருப்பதற்காகத் தன்னையே மட்டம் தட்டிச் சிரிப்பது. மனச்சோர்வோடும் குறைந்த சுயமதிப்போடும் சேர்ந்து காணப்படுவது இந்த நான்காவது வகையே. என் அனுபவத்தில் ஒரே மனிதர், ஒரே நகைச்சுவையை, நல்ல நாளில் இரண்டாவது வகையாகவும் கெட்ட நாளில் நான்காவது வகையாகவும் சொல்வார். ஆகவே வாக்கியத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர் சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, குடிப்பது கூடியிருக்கிறதா, வார இறுதியில் அறையை விட்டு வெளியே வருகிறாரா என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடும்பங்கள் இதைப் பார்ப்பதில்லை. “அவ ஜாலி டைப் மேடம், எதையும் மனசுல வச்சுக்க மாட்டா” என்று அக்காவோ அம்மாவோ பெருமையோடு சொல்கிறார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குக் கலகலப்பானவர் என்ற பெயர் வந்துவிட்டால், மற்றவர்களின் துக்கத்தை லேசாக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது. அவர் ஒருநாள் பேசாமல் இருந்தால் “உனக்கு என்ன ஆச்சு, வழக்கம்போல இரு” என்கிறார்கள்.

அதற்காக, “நீ வலியை மறைக்கத்தான் சிரிக்கிறாய்” என்று நண்பருக்கு விளக்கம் சொல்லக் கிளம்ப வேண்டாம். இணையத்தில் உளவியல் படித்தவர்கள் இந்தத் தவற்றை இப்போது தாராளமாகச் செய்கிறார்கள். ஒருவர் இத்தனை ஆண்டுகள் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால், அவர் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வார். சிரிக்க வந்தால் சிரியுங்கள்; சிரித்த பிறகு அதில் இருந்த செய்தியைப் பற்றிச் சாதாரணமாக ஒன்று கேளுங்கள். “அப்ப உனக்கு என்ன வயசு?” என்ற கேள்வி போதும். தங்கவயல் பெண் “பதினொண்ணு” என்று சொன்ன பிறகு நெடுநேரம் பேசவில்லை. அதன் பின்பு பேசியதில்தான் அவர் தூங்காததன் காரணம் இருந்தது.

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சிறுவயதில் தனக்கென்று ஒரு சைக்கிள் இருந்ததில்லை என்று 7-ஆம் சீசனில் ஃபீபி சொல்லும்போது, அந்த ஆறு பேரில் ஒருவனான ராஸ் மட்டும் அதை ஓர் இழப்பாகக் கேட்டு, அவளுக்கு ஒரு சைக்கிளை வாங்கித் தருகிறான். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பது பிறகுதான் தெரிகிறது, கற்றுக்கொடுக்கவும் செய்கிறான். ராஸ் அவளுடைய மனத்தை ஆராயவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை என்பதை என்னிடம் வரும் நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதுண்டு.

நகைச்சுவை சாவைப் பற்றியதாக மாறும்போது அணுகுமுறையும் மாற வேண்டும். “நான் இல்லேன்னா உங்களுக்கு ஒரு ரூம் மிச்சம்” என்பது போன்ற பேச்சு அடிக்கடி வந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று தெளிவாகவும் அமைதியாகவும் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விட வேண்டாம். பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். அழைக்கத் தயங்குபவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எண்ணை அழுத்திக் கொடுக்கலாம்.