'வேனாம்' என்று இருந்தால் சுழிக்காதீர்கள், கேளுங்கள்

கட்டுரை நோட்டு. தலைப்பு 'என் எதிர்காலக் கனவு'. மூன்றாம் பத்தியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதியிருக்கிறாள்: "நான் யாருக்கும் வேனாம். நான் இல்லாட்டி வீட்ல எல்லாருக்கும் நிம்மதி."

'வேனாம்' சுழிக்கப்பட்டு மேலே 'வேண்டாம்'. 'இல்லாட்டி'க்குக் கீழே சிவப்புக் கோடு, ஓரத்தில் 'பேச்சு வழக்கு'. பத்துக்கு ஐந்து. தேதியோடு கையெழுத்து. இப்படிப்பட்ட நோட்டுகள் பள்ளி மனநல ஆலோசகர் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, திருத்திப் பல நாள் கழித்து.

சாகத் தோன்றுகிறதா என்று அவளிடம் ஏன் கேட்கவில்லை என்றால் ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நாமளே கேட்டு, இல்லாத நினைப்பை உண்டாக்கிட்டா?" தப்பு. முழுத் தப்பு. தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதையேதான் சொல்கிறது. இவள் எழுதியே காட்டிவிட்டாள், இனி நீங்கள் புதிதாக விதைக்க என்ன இருக்கிறது? கேட்காமல் விட்டால் 'டீச்சர் படிச்சும் ஒண்ணும் சொல்லல' என்பதும் சேர்ந்துகொள்ளும். "அந்த மாதிரி எதுவும் நினைக்கலயே?" என்று கேட்பது கேட்காததற்குச் சமம். 'இல்ல மிஸ்' என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

அந்த நோட்டை லீடரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "இந்த வரியைப் படிச்சேம்மா. செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும். 'ஆமா' என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாளா என்றும் கேட்க வேண்டும். பொறுப்பான ஒருவர் கையில் ஒப்படைக்கும் வரை கழிப்பறைக்குக்கூடத் தனியாக விடாதீர்கள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. வீட்டில் யாரிடம் சொன்னால் அடி விழாது என்று அவளையே கேட்டுவிட்டுப் போன் போடுங்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும். பாலியல் சீண்டல் என்று தெரிந்தால் துருவாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்று யார் சொன்னாலும். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். நோட்டைப் படமெடுத்து ஸ்டாஃப் வாட்ஸ்அப்பில் போடுவது மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று. வெள்ளமோ சாவோ வந்து வகுப்பே கலங்கியிருக்கும்போது 'என் துயரம்' என்று தலைப்புக் கொடுத்து மதிப்பெண்ணும் போடுகிறார்கள்! எழுதினால் மனபாரம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள் போல. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய முறை அது. தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள். எழுத்துப்பிழையும் இலக்கணமும் பார்க்க வேண்டாம் என்பது எழுதுபவருக்குச் சொல்லும் முதல் விஷயங்களில் ஒன்று. இழப்பு நடந்த சூட்டோடு செய்யக் கூடாது. எதை எழுதுவது என்பது பிள்ளைகள் விருப்பம், எழுதிய தாள் அவர்களிடமே இருக்கட்டும். "யாராவது காட்டணும்னு நினைச்சா என்கிட்ட குடுங்க" என்று மட்டும் சொல்லிவையுங்கள். வாங்கினால் அன்றே படித்தாக வேண்டும். படித்தால் மேலே சொன்ன அத்தனையும் உங்கள் வேலை.