எலிக்குட்டியின் கேட்காத அழுகை

"வளர்ப்புச் சுண்டெலி எட்டுக் குட்டி போட்டிருக்கிறது. கையால் தொட்டால் தாய் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எலி வளர்க்கிற யாரும் இந்தப் பயத்தைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. முதல் ஈற்றின்போது நானும் கூண்டுப் பக்கம் போகவே நடுங்கியிருக்கிறேன்.

தாய் குட்டியைத் தின்பது நடக்கிற விஷயம்தான். குட்டி செத்துப் பிறந்திருக்கலாம், பிழைக்கத் தெம்பில்லாமல் இருக்கலாம். தாய்க்கு அது முதல் பிரசவமாக இருக்கலாம். கூண்டை ஓயாமல் குடைந்து அதை நாமே மிரட்டியிருக்கலாம். ஆனால் மனித வாசனை பட்டாலே கொன்றுவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஆய்வகங்களில் பிறந்த சில நாட்களிலேயே குட்டிகளை எடுத்து எடை பார்த்துத் திரும்ப வைக்கிறார்கள். தாய் வழக்கம்போலப் பால் கொடுக்கிறது. வாசனையைவிடக் குளிரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பிறந்த குட்டியின் எடை ஒன்று, ஒன்றரை கிராம். முடி கிடையாது. கண்ணும் காதும் மூடியே இருக்கும். தோல் அவ்வளவு மெல்லியது என்பதால் வயிற்றின் இடது பக்கத்தில், குடித்த பால் வெள்ளைத் திட்டாக வெளியே தெரியும். அந்தத் திட்டு தெரிந்தால் குட்டி பால் குடித்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். உடல் சிறிதாக ஆக, எடையோடு ஒப்பிட்டால் பரப்பு கூடும், சூடு வேகமாக வெளியேறும். பள்ளியில் படித்த கணக்குதான். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் சூடு தருகிறது. மீதியை ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்து சமாளிக்கின்றன. குவியலிலிருந்து ஒன்று தனியே உருண்டு போனால் சில நிமிடங்களில் சில்லிட்டுவிடும்.

அப்போது அது அழும். நமக்குத்தான் கேட்காது. மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். இந்த அழுகை பெரும்பாலும் 40-க்கு மேல். குரல்நாண் அதிர்ந்து எழும் ஒலி இல்லை இது. குரல்வளைக்குள் மெல்லிய காற்றுத்தாரை பாய்ந்து எழும் விசில். அந்தக் கடுகளவு தொண்டையில் இப்படி ஒரு ஊதல் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். வௌவால் ஒலியைக் கேட்பதற்கான கருவியை ஒருமுறை கூட்டருகே வைத்துப் பார்த்தேன். வாய் திறந்து அசைந்துகொண்டிருந்த ஒரு குட்டியிடமிருந்து டிக் டிக்கென்று விடாமல் சத்தம் வந்தது. அதுவரை அந்த அறை அமைதியாக இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். கூட்டிலிருந்து நம் காதுக்கே எட்டுகிற சன்னமான கீச்சொலி வேறு. அது பெரும்பாலும் காம்புக்கு முண்டியடிக்கும் சத்தம், கவலை வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. குட்டிக்குக் காது கேட்கத் தொடங்குவதே பதினோராம் பன்னிரண்டாம் நாள்வாக்கில்தான். ஆக முதல் வாரம் முழுக்க, தன் குரலைத் தானே ஒருமுறைகூடக் கேட்காமல் அது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

கேட்பது தாய். ஓடிவந்து, வாயால் கவ்வி, கூட்டுக்குக் கொண்டுபோய்ப் போடும். குட்டி போடாத பெண் எலிக்கும் இதே ஒலி காதில் விழுகிறது, ஆனால் பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஏன் இந்த வித்தியாசம்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பியாங்கா ஜோன்ஸ் மார்லின், ராபர்ட் ஃப்ரோம்கே குழுவினர் 2015-இல் 'நேச்சர்' இதழில் இதற்கு அழகான விடை தந்தார்கள். குட்டி போடாத எலிகளைத் தாயோடும் குட்டிகளோடும் விட்டு, பிரசவத்தின்போதும் பாலூட்டும்போதும் சுரக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசினைக் கொடுத்தார்கள். அவை சீக்கிரமே குட்டிகளைக் கவ்வி வரப் பழகிக்கொண்டன. மூளையில், முக்கியமாக ஒலியைக் கேட்டறியும் பகுதியான இடது பக்கச் செவிப் புறணியில், அழுகைக்கான நரம்பணுக்களின் பதில் முன்பு தாறுமாறாக இருந்தது. ஆக்ஸிடோசின் அங்கே தடுக்கும் சமிக்ஞைகளைத் தளர்த்த, பதில் ஒவ்வொரு விசிலுக்கும் தாளம் தப்பாமல் சேர்ந்துகொண்டது. காது அதேதான், மூளைதான் அழுகையை அழுகையாகக் கேட்கப் பழகியது.

எலிக்குட்டி அழுவதை ஆராயவா பணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாய்மை மூளையை எப்படி மாற்றுகிறது என்று தெரிய வேண்டுமானால் எங்கிருந்தாவது தொடங்கித்தானே ஆகவேண்டும். இத்தகைய அடிப்படை ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

இனி வாசகரின் கூண்டுக்கு வருவோம். ஆண் எலி கூடவே இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். ஈன்ற ஒரு நாளுக்குள் பெண் மறுபடி சினையாகலாம். முதல் வாரம் கூட்டைக் கலைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். தண்ணீரும் சத்தான தீனியும் குறையாமல் இருக்கட்டும். குட்டிகளை எண்ண வேண்டுமானால் தின்ன ஏதாவது காட்டித் தாயை முதலில் வெளியே எடுங்கள். வாசனை சோப்பு போடாமல் கைகழுவித் துடைத்து, கூட்டுப் பஞ்சை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளுங்கள். கை சூடாக இருக்கட்டும். ஓரிரு நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் திரும்ப வைத்துவிடுங்கள். இதைத் தாய் பக்கத்தில் இருக்கும்போதே செய்தால், குளிர்ந்த குட்டிகள் உங்கள் கையிலிருந்து கூப்பிடும். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. தாய் மட்டும் கூண்டுக்குள் பரிதவித்து ஓடும்.

இரண்டாம் வாரம் முடி அடர்ந்துவிடும். தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பழக்க அதுதான் நல்ல சமயம். 12 முதல் 14 நாட்களில் கண் திறக்கும், உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தொடங்கும், அந்த விசிலும் அடங்கிப்போகும். அப்புறம் அவை தத்துப்பூச்சி போலத் துள்ளும். கையில் எடுக்கும்போது தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.