'ஹோ' என்றால் எப்போதும் நல்லது இல்லை

ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போவில், ஆப்லியூ தெருவுக்குப் பழைய போன் வாங்க வருகிறவர்களோடு மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன். அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் விலை கேட்கவும் எண்ணிச் சொல்லவும் எல்லோரும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். 'இது மட்டம்' என்று கடைக்காரர் சொன்னால்தான் புரிவதில்லை. பணம் போவது அங்கேதான்.

ஒருமுறை நான் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் தனியாகவே பேரம் முடித்துவிட்டார். கடைக்காரர் போனைக் காட்டி 'டின் ச்சீ ஹோ ச்சா' என்றாராம். 'நேய் ஹோ' என்று வணக்கம் சொல்லிப் பழகியவர் இவர். ஹோ என்றால் நல்லது, அப்போ பேட்டரி நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிப் பணம் கொடுத்துவிட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். 40 சதவீதம் காட்டிய போன் ஒரு நிமிடத்தில் என் கையிலேயே அணைந்தது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, 'பேட்டரி ரொம்ப மோசம்' என்றுதான் சொல்லியிருக்கிறார். 'ச்சா' என்றால் மோசம்; இப்படித் தன்மையைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் வரும் 'ஹோ'வுக்கு 'ரொம்ப' என்றே பொருள்.

'ச்சா'வை மேல்குரலில் இழுத்துச் சொன்னால் மோசம். குரலைத் தாழ்த்தினால் அதுவே தேநீர். கான்டனீசில் ஆறு சுரங்கள், காது பழக நாளாகும். பொறுமையாகக் கேளுங்கள்.

சரக்கை 'லௌ யே' என்றால் போலி, அல்லது உருப்படாதது. அசலுக்கு 'கின் யே'. அப்புறம் 'சொய்', அதாவது தண்ணீர். 'சொய் பெய்' என்றால் மட்டம். திறமை போதாத ஆளையும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் 'சொய் ஃபோ' மட்டமான பொருள் இல்லை. அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதி, அவ்வளவுதான். உள்ளூர் வாரண்டி கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள். இந்தச் சொல்லைக் கேட்டதுமே பயந்து நல்ல போனை விட்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். விநியோகஸ்தர் வழியாக வந்தது 'ஹோங் ஃபோ'. போனுக்கு அது நற்சான்று. ஒருவர் செய்த வேலையை அப்படிச் சொன்னால், கடமைக்குச் செய்தது என்று குறை.

'மா மா தேய்' என்றால் சுமார். விற்பவரே தன் சரக்கை அப்படிச் சொன்னால் வாங்காதீர்கள், அது நாகரிகமான எச்சரிக்கை.

பேட்டரி ஏமாந்தவருக்கு ஒரு கேள்வி மட்டும் சொல்லிக்கொடுத்தேன்: 'ச்சா ம் ச்சா?' மோசமா, இல்லையா? அடுத்த முறை அதே கடையில் ஒவ்வொரு போனாகத் தொட்டுக் கேட்டார். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.