அரும்பா, மொட்டா, மலரா? பிள்ளையின் படிப்பு நிலையைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி

சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் மூன்றாம் வகுப்பு. பெரியம்மா வந்திருக்கிறேன் என்று தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்து, தறிச் சத்தத்தையும் மீறிக் கடகடவென்று வாசித்துக் காட்டினான். அவன் பாட்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு மட்டும் அவன் விரல்மேல் ஒரு கண். வாய் மூன்றாவது வரியில் இருந்தது, விரல் இரண்டாவது வரியிலேயே நின்றது. அந்தப் பாடத்தில் வரும் 'குளம்' என்ற சொல்லைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் காட்டி, "இது என்ன தங்கம்?" என்றேன். விழித்தான். 'கு' மட்டும் சொன்னான். பாடம் முழுக்க மனப்பாடம்!

மதிப்பெண் அட்டையில் அவனுக்கு நல்ல கிரேடுதான். தங்கை பள்ளிக்குப் போய்க் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில், "நல்லாத்தான் படிக்கிறான், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத பெற்றோர் சேலத்தில் இருக்க மாட்டார்கள். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இதற்கு மேல் கேட்கச் சட்டம் நமக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதோடு, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவும் பெரும்பாலும் பள்ளியிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'தேர்ச்சி' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடலாம். தமிழ்நாட்டில் மாநில அரசின் கீழுள்ள பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. 2019-20 கல்வியாண்டில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு வைக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் அரசே அதைக் கைவிட்டது. நிறுத்தி வைக்காமல் இருப்பது நல்லதுதான் என்பது என் கருத்து. ஃபெயிலாக்கப்பட்ட பிள்ளை தறிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் போன கதைகள் எங்கள் தலைமுறையில் ஏராளம். ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குப் போய்விட்டதால் மட்டும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று ஆகிவிடாது. ஒரு வயது கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பற்றியது. அதில் இரண்டு கடமைகள் நமக்கு முக்கியம். ஒன்று, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் கண்ட முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரியப்படுத்த வேண்டும். 'தெரியப்படுத்தலாம்' என்று அல்ல, 'வேண்டும்' என்றே சட்டம் சொல்கிறது. ஆகவே நாம் போய்க் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. "சாயந்திரம் என் வீட்டுக்கு அனுப்புங்க, மாசம் இவ்வளவு" என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை.

இனி அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வருவோம். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் 2025-க்குள் பிழையின்றிப் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் விரித்தார்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, வகுப்பு வேறு, நிலை வேறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டதுதான். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எழுத்துகளை அடையாளம் காணவே இன்னும் தடுமாறும் பிள்ளை அரும்பு. அதைத் தாண்டிச் சொற்களுக்கும் சின்ன வாக்கியங்களுக்கும் வந்துவிட்ட பிள்ளை மொட்டு. பத்தியை வாசித்து, புரிந்து, கேள்விக்குச் சொந்தமாகப் பதில் சொல்லும் பிள்ளை மலர். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே ஒரு பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். தமிழில் மலர், கணக்கில் அரும்பு என்றும் இருக்கலாம். நிலைக்குத் தகுந்தபடி பயிற்சி கொடுக்க வேண்டும், நிலை மாறினால் அதைப் பதிய வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர். ஆசிரியர்கள் மதிப்பீட்டைக் கைபேசிச் செயலியிலேயே செய்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் தகவல் தொகுப்பில் உள்ள அடையாள எண்) ஒன்று இருக்கும், பதிவுகள் அந்த எண்ணோடுதான் சேர்கின்றன.

(செயலியைப் பற்றி ஆசிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெருமூச்சுதான் வரும். பாடம் நடத்தும் நேரத்தைப் பதிவேற்றம் விழுங்கிவிடுகிறது என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பதிந்த தகவல் பெற்றோர் காதுக்கு வந்து சேராவிட்டால் பதிந்து என்ன புண்ணியம்?)

கிரேடு அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012-13 முதல் இருக்கும் முப்பருவ முறையில் வகுப்பில் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் வரும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று போட்டு, கூட்டிக் கிரேடு தருவார்கள். அதில் செயல்பாட்டுக்கும் ஒப்படைப்புக்கும் மதிப்பெண் உண்டு. அட்டையில் ஓவியமும் ஒட்டலும் அழகாக இருந்தால் வாசிக்கத் தெரியாததை அது மூடி மறைத்துவிடும். அட்டையை வைத்துப் பிள்ளையை எடை போடாதீர்கள்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம், பத்து நிமிடம் போதும். பாடப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாகி இருக்கும். பிள்ளை இதுவரை பார்க்காத கதைப் புத்தகம், மளிகைப் பொட்டலக் காகிதம், பேருந்துப் பலகை, எதுவானாலும் சரி. தமிழில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். 'கொ', 'கோ' போன்றவற்றில் குறி முன்னாலும் பின்னாலும் வருவதால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் 'கெ' என்று நிறுத்திவிடும். கு, சு, டு, து, று என்ற உகர வரிசை எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். 'குளம்' என்பதில் என் தங்கை மகன் 'கு' சொல்லிவிட்டு, 'ள' கண்டு நின்றான். ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒரே முகம்.

கணக்கில் இன்னும் சுவாரசியம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். யோசித்துப் பார்த்தால் தவறு எங்கே என்று தெரிகிறது. 2-இல் 7 போகாது, ஆகவே 7-இல் 2 போக 5, அப்புறம் 4-இல் 1 போக 3. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று கேட்டதை ஒவ்வொரு வரிசையிலும் தனித்தனியாகச் செய்திருக்கிறான். உடனே, "அப்பா உனக்கு 42 ரூபா கொடுத்தார், கடையில 17 ரூபா செலவு பண்ணிட்ட, மீதி?" என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கிவிட்டு "25" என்றான். ஆக, கழித்தல் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். பத்தை ஒன்றுகளாக மாற்றுவதை, நாம் கடன் வாங்குவது என்றும் இப்போதைய புத்தகம் இனமாற்றம் என்றும் சொல்கிறதே, அதைத் தாளில் செய்யத் தெரியவில்லை. "கணக்கு வரல" என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியதும் இந்தத் துல்லியத்தைத்தான்.

பொத்தாம் பொதுவாக "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் பொத்தாம் பொதுவாகத்தான் பதில் வரும். "டீச்சர், தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை? ஜூனில் எங்கே இருந்தான்? அடுத்த நிலைக்குப் போக எது இடிக்கிறது? நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், நாங்கள் வீட்டில் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம், ரேங்க்கும் வேண்டாம். போன பருவத்தில் இருந்த அதே பிள்ளையோடு ஒப்பிட்டால் போதும்.

ஏற்காட்டு மலையில் நிலவரம் கொஞ்சம் வேறு. சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே சட்டத்தின் கணக்கு. பல வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் இடத்தில் நிலை வாரியாகப் பிரிப்பது உண்மையிலேயே உதவுகிறது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்தால் பெற்றோர் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்தது வீட்டில் நின்றுவிடும். அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்துகொண்டிருக்கும் பிள்ளை இரண்டு மாதம் விட்டுவிட்டு வந்தால், பாதி மறந்துபோய் வரும். வேலைக்காக வேறு ஊருக்கே போகிறீர்கள் என்றால், அங்கே உள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு. எமிஸ் எண்ணை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

படிக்காத பெற்றோர்தான் பள்ளிக்குப் போகத் தயங்குகிறார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும், பிள்ளையை வாசிக்கச் சொல்லி விரலையும் வாயையும் பார்க்கத் தெரியும். நான் பார்த்ததும் அதைத்தானே.

ஆசிரியரிடம் பதில் இல்லை என்றால் தலைமையாசிரியர், அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். சத்துணவு, கழிப்பறை பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலையாமல், 'நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் அரும்பில் இருக்கிறார்கள்?' என்று அங்கே கேட்கலாம். அதற்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர். கல்வித் துறையின் உதவி எண் 14417.

சில பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் எழுத்துகள் இடம் மாறியே தெரியும். சோம்பேறி என்று அடிப்பது பாவம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடையும் செய்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கச் சொல்லித் தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள்.

தங்கை போன வாரம் மறுபடியும் போனாள். இந்த முறை 'குளம்' எழுதிய தாளையும் 35 என்று போட்ட கணக்கையும் கையோடு எடுத்துப் போனாள். டீச்சர் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திறந்தாராம். தமிழில் அரும்பு, கணக்கில் மொட்டு. போக விரும்புகிறவர்களுக்கு ஒன்று: காலைப் பிரார்த்தனை நேரத்தில் போகாதீர்கள், யாரும் நின்று பேச மாட்டார்கள். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பியதும் போங்கள், அந்த நேரத்தில்தான் டீச்சருக்கும் உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும்.